லயத்துக் குழாய் வந்த வழி

நேயர்களே, குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. வாளி நிறைந்ததும் மூடிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தக் குழாய் நம் லயத்து வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி இன்று சற்றுப் பேசுவோம்.

தோட்டத்து வரலாறு என்றால் கப்பல், கங்காணி, பால்மரம், கூலி என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். நம் முன்னோர் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் அந்தக் காலத்துத் தோட்டங்களில் மாண்டவர்களில் புலியும் பாம்பும் கொன்றவர்கள் சிலரே. மலேரியாக் காய்ச்சலும் சீதபேதியும் வாந்திபேதியும்தான் லயம் லயமாக ஆட்களை வாரிக்கொண்டு போயின. மூன்றுக்கும் தண்ணீரோடு தொடர்பு உண்டு.

நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் சேர்க்கப்பட்டு, கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர்களை நேரே தோட்டத்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். கப்பலில் தொற்றுநோய் கண்டிருந்தால் ஜெரெஜாக் தீவில் நாட்கணக்கில் தடுத்து வைப்பார்கள். வாந்திபேதி ஊருக்குள் புகுந்துவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். ஊரைக் காக்க இவ்வளவு கவனம் இருந்தது. அதே ஆட்கள் தோட்டத்துக்குப் போன பிறகு எதைக் குடிப்பார்கள் என்ற கவனம் நெடுங்காலம் இல்லை.

ஊர்களுக்கு நல்ல தண்ணீர் முன்பே வந்துவிட்டது. பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குன்றின் அருவி நீரைச் செங்கல் வாய்க்கால் வழியாக நகரத்துக்குக் கொண்டு வந்தார்கள். சிங்கப்பூரில், பின்னாளில் மெக்ரிட்சி என்று பெயர் பெற்ற நீர்த்தேக்கம் 1868இல் கட்டி முடிந்தது. தோட்டத்திலோ ஆறு, ஓடை, கிணறு, மழைத்தண்ணீர் என்று எது அருகில் இருந்ததோ அதுதான் குடிநீர். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்கள், அதற்கும் முன்பாக எழுந்து தண்ணீர் சுமந்தார்கள். பால் தூக்குகிற காண்டாவிலேயே மண்ணெண்ணெய் டின் இரண்டைக் கட்டித் தூக்கியதாக மூத்தவர்கள் சொல்வார்கள். மேலே ஒரு லயத்தார் துணி துவைத்த ஓடையில், கீழே இன்னொரு லயத்தார் உலைக்குத் தண்ணீர் மொண்டார்கள். கடலோரத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே கிணற்றுநீர் உப்புக் கரிக்கும். சதுப்பு நிலத்து வாய்க்கால் நீரோ தேயிலைச் சாயம் போலப் பழுப்பாக இருக்கும். தகரக் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால்தான் வாய்க்கு ருசி.

தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது, கலங்கியிருந்தால் கெட்டது என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. துரைமார்களும் அப்படித்தான் நம்பினார்கள். இந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர். அவர் 1901இல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்தார். சதுப்பை வடித்து, புதரை வெட்டி, வடிகால் தோண்டச் செய்தார். கிள்ளான் நகரிலிருந்து 1901இல் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 334 பேர்; 1905இல் அது 12 ஆகக் குறைந்தது. கடலோரத்தில் வெற்றி கண்ட இந்த முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. காரணம் என்னவென்றால், அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசு சேற்று நீரில் வளர்வதில்லை. காட்டை வெட்டியதும் வெயில் படுகிற, சலசலத்து ஓடுகிற தெளிந்த ஓடையில்தான் அது முட்டையிடுகிறது. கண்ணுக்கு எவ்வளவு அழகான நீரோ அவ்வளவு ஆபத்து! அந்த ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூட வேண்டியதாயிற்று.

குடிக்கும் நீரைப் பற்றிய உண்மையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வெளிப்பட்டது. வாந்திபேதிக் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து, மக்கள் புழங்கும் குளத்து நீரிலேயே அதைக் கண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1892இல், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தை வாந்திபேதி தாக்கியது. சில வாரங்களில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஒட்டியே, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அல்டோனா என்ற ஊர் இருந்தது. ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு வரும் ஆற்று நீர்தான் அதற்கு. ஆனாலும் அங்கே நோய் பெரிதாகப் பரவவில்லை. அல்டோனாக்காரர்கள் ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குழாயில் விட்டார்கள்; ஹாம்பர்க்கில் வடிகட்டாமல் விட்டார்கள். வேறுபாடு அவ்வளவுதான். இரண்டு ஊர்களுக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு வரிசை வீடுகளில் நோய். எதிர் வரிசையில் இல்லை. ஒருவருடைய வீடு எந்தக் குழாயோடு இணைந்திருக்கிறது என்பதே அவர் உயிரைத் தீர்மானித்தது.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக்கியது. இது இரக்கத்தால் மட்டும் வந்தது என்று நாம் நினைக்கவில்லை. ஊரிலிருந்து கப்பலில் ஏற்றி வந்த ஆள் ஆறு மாதத்தில் செத்துப் போனால் அது கம்பெனிக்கு நட்டம். செய்தி ஊருக்கு எட்டினால் அடுத்த கப்பலுக்கு ஆள் கிடைக்காது. எப்படியோ, சாவுகளைக் கணக்கெடுத்து எழுதத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்தில் கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும், மேட்டில் ஒரு டாங்கியும், லயத்துக்கு ஒரு பொதுக்குழாயும் வரத் தொடங்கின. எல்லாத் தோட்டத்திலும் அல்ல. நல்ல துரை இருந்த இடத்தில் நல்ல டாங்கி இருந்தது.

அந்தச் சிறு பாதுகாப்பும் இல்லாத இடத்துக்கு நம் மக்கள் கொண்டு போகப்பட்ட காலம் ஒன்று உண்டு. ஜப்பான்காரர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அதற்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். பாதையின் பெரும்பகுதி குவாய் நோய் என்ற ஆற்றின் ஓரமாகவே போகிறது. சயாம் மொழியில் 'நோய்' என்றால் சிறியது என்று பொருளாம். நம் காதில் அது வேறாகத்தான் விழுகிறது. 1943ஆம் ஆண்டு மழை தொடங்கியபோது அந்த ஆற்றோர முகாம்களில் வாந்திபேதி வெடித்தது.

அதே ஆற்றங்கரையில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளும் இருந்தார்கள். 60,000க்கும் மேற்பட்ட அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுக்கும் அடியும் பட்டினியும் உண்டு. ஆனால் அவர்களிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர். கொதிக்க வைக்காத தண்ணீரை ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். உண்கலங்களையும் கொதிநீரில் முக்கச் செய்தார்கள். மூங்கில் குழாயைச் செதுக்கி நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். நம்மவர்களுக்கு மருத்துவரும் இல்லை, அப்படிக் கட்டளையிட ஆளும் இல்லை. பகலெல்லாம் கல் சுமந்துவிட்டு வந்து ஆற்றில் இறங்கி அள்ளிக் குடித்தார்கள். 1943இன் நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்து கைதிகளாயிருந்த மருத்துவக் குழுவினரைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் முகாம் முகாமாக அழிந்திருந்தது. மாண்ட தமிழரின் சரியான தொகையை இன்றுவரை யாரும் முடிவாகச் சொல்ல முடியவில்லை; கைதிகளைக் காட்டிலும் மிக அதிகம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் எங்கே போனாலும் வெந்நீர்தான் குடிப்பார்கள் என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பிடிவாதம் அன்று.

1957இல் நாடு விடுதலை பெற்றது. அந்த ஆண்டுகளில் பெரிய தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. துண்டு வாங்கியவருக்கு மரம் வேண்டியிருந்தது. டாங்கியும் குழாயும் யார் பங்கு என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் இல்லை. துண்டாடலைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் வந்தது. 1990இல் அது 446ஆம் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டது. தொழிலாளருக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய் நீர் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. வாரம் ஒரு முறை வீடுகளைப் பார்வையிட வேண்டும் என்றும் சொல்கிறது.

சட்டம் இருந்தும் தோட்டம் பின்தங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பங்களுக்குச் சுகாதார அமைச்சும் கிராம மேம்பாட்டுத் திட்டங்களும் கிணறும் குழாயும் கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தன. தோட்டமோ தனியார் நிலம். அரசாங்கக் குழாய் தோட்டத்து வாசல் வரை வந்து மீட்டரில் நின்றுவிடும். அதற்குப் பிறகு லயம் வரை போகிற குழாய் கம்பெனியுடையது.

இதற்கிடையே ஆறுகளும் கெட்டன. ரப்பர் ஆலையும் செம்பனை ஆலையும் கழிவைச் சுங்கையில் விட்டன. மீன் செத்து மிதந்தது. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகளும் வந்தன. நமக்குச் சோறு போட்ட ஆலையே நம் தண்ணீரையும் கெடுத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. இந்தத் தொல்லை முற்றாகத் தீரவும் இல்லை. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் சிலாங்கூரில் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நாட்கணக்கில் தண்ணீர் வரவில்லை.

1983 முதல் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் குடிநீரைச் சோதிக்கும் திட்டத்தை நடத்தி வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஆற்று நீருக்குப் படிகாரம் போன்ற மருந்து சேர்க்கிறார்கள். கலங்கல் திரண்டு அடியில் தங்குகிறது. பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் சேர்க்கிறார்கள். வீட்டுக் குழாயில் வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் கிருமி நுழைந்தால் அதைக் கொல்லவே இந்த மிச்சம். மருந்து வாடை அடிக்கிறது என்று முகம் சுளிக்கிறோம். அந்த வாடை சிறிதளவு இருப்பது நல்லதே.

வழியில் கிருமி எப்படி நுழையும்? குழாயில் நீர் அழுத்தத்தோடு ஓடும்போது வெடிப்பு இருந்தால் நீர் வெளியே கசியும். உள்ளே எதுவும் வராது. தண்ணீரை நிறுத்தும்போது குழாய் காலியாகி அழுத்தம் குறைகிறது. அப்போது அதே வெடிப்பு வழியாக வெளியிலுள்ள சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். மீண்டும் திறந்ததும் அதுதான் முதலில் நம் குடத்துக்கு வரும். பழைய லயங்களில் குழாயும் சாக்கடையும் பல இடங்களில் பக்கம் பக்கமாகவே போகின்றன.

நாங்கள் முன்பு பணிபுரிந்த ஒரு தோட்டப் பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு டாங்கியிலிருந்து பள்ளிக்கூடம் வரை குழாய் போகும் வழியை வரைபடமாக்கச் செய்தோம். ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் குழாய் சாக்கடைக்குள் முழுகிக் கிடப்பதையும், இணைப்பில் ரப்பர் துண்டு சுற்றியிருப்பதையும் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். பெற்றோர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்கள். பெரிய கிராணி முதலில் நம்பவில்லை. "அது அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறது" என்றார். மூன்று வாரத்தில் குழாயைத் தூக்கி மேலே கட்டினார்கள்.

ஆகவே, தண்ணீர் தடைப்பட்டு மீண்டும் வருகிற நாளில் முதலில் வரும் நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். தெளியும்வரை ஓடவிட்டு, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் நீரைக் கொப்புளித்துக் கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். கையை விட்டு மொள்ள வேண்டாம். ஒரே லயத்தில் இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பேதி கண்டால், எல்லாரும் எந்தக் குழாயில் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். அந்தத் தாளில் தேதி, லய எண், குழாய் இருக்கும் இடம் ஆகிய மூன்றும் இருக்கட்டும். அதன் படி ஒன்றை ஆபீசில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீசில் வாங்க மறுத்தால் மாவட்டத் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதலாம்.