எமது கல்லூரியில் கணக்கீட்டு வகுப்பு

1344இல் புத்தளம் வந்த இப்னு பதூதா, இக்கரையோரத்தில் கறுவா மரத் துண்டுகள் குவிந்து கிடந்ததையும், மலபார் முதலிய இடத்து வணிகர் அவற்றை ஏற்றிச் சென்று, பதிலுக்கு அரசனுக்குத் துணிமணிகள் அளித்ததையும் எழுதியுள்ளார். லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை வெனிசில் அச்சேற்றியது அதற்கு 150 ஆண்டுகள் பின்னர், 1494இல். கொடுக்கல் வாங்கல் எமது ஊருக்குப் புதிதன்று. பெண்பிள்ளைகள் அதைப் பேரேட்டில் எழுதக் கற்றதே புதிது.

உயர்தர வர்த்தகப் பிரிவில் எமக்குக் கணக்கீடு கற்பித்த ஆசிரியை, உதாரணங்களை உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் கொப்பராக் கடையிலுமிருந்தே எடுத்தார்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். புத்தளம் மாவட்டப் பாடசாலைகள் நிரம்பி வழிந்தன. பிற்பகல் வகுப்புகளும் நடந்தன. எமது கணக்கீட்டு வகுப்பிலும் இருவர் இருந்த வாங்கில் நால்வர் நெருங்கியிருந்தோம். சிலர் கொப்பியோ சான்றிதழோ இல்லாமல் வந்திருந்தனர்.

இத்தனை விடைத்தாள்களையும் ஒருவரே திருத்துவதெப்படி? ஐந்தொகை சமனானால் முழுப்புள்ளி, இல்லையேல் பூச்சியம் என்றால் ஓரிரவில் முடிந்துவிடும். ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. முதலாம் வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திய பின்னரே இரண்டாம் வினாவுக்குப் போவார். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் அளவுகோல் மாறக்கூடாதல்லவா! ஒரு பிழை அடுத்தடுத்த வரிகளிலும் தொடர்ந்தால் புள்ளி ஒருமுறைதான் குறையும். பிழையான தொகையை வைத்தும் மிகுதியைச் சரியாகச் செய்தவருக்கு அப்புள்ளிகள் உண்டு.

சமனான பரீட்சை மீதியையும் அவர் இலேசில் நம்பமாட்டார். உப்பு வியாபாரி தனது பாவனைக்கு வாங்கிய தராசைக் கொள்வனவுக் கணக்கில் எழுதினாலும் இரு பக்கமும் சமனாகவே வரும். பிழை உள்ளேயே இருக்கும். எழுதாமலே விட்ட கொடுக்கல் வாங்கலும் அப்படித்தான்.

பாதியில் படிப்பு அறுந்து வந்தவர்களுக்கு இந்தத் திருத்தமே கைகொடுத்தது. எந்த வரியில் பிசகியது என்பது தாளிலேயே தெரிந்ததால், முழுப்பாடத்தையும் மீண்டும் தொடங்காமல் அந்த இடத்திலிருந்து படிக்க முடிந்தது.

நூற்றாண்டு காணும் கல்லூரியின் வரலாற்றில் அதிபர்களின் பெயர்களும் கட்டடத் திறப்புகளும் பதிவாகியுள்ளன. வகுப்பறையில் நடந்த இவ்வேலைக்கு ஏட்டில் இடமில்லை. எந்த நாட்டில் இருந்தாலும், சிவப்பு மைத் திருத்தங்களோடு அக்காலக் கொப்பி வைத்திருக்கும் சகோதரிகள் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். கணக்கு சமனாகத் தெரிகிறது என்பதற்காக ஒரு பதிவை விட்டுவிடலாகாது.