முதிய செவியும் புதிய இசையும்: ஊரூர் ஒல்காட் குப்பத்தை முன்வைத்து

வயது ஏற ஏற மனிதர் புதிய இசையை நாடுவதைக் கைவிட்டு, இளமையில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்குகின்றனர் என்னும் கருத்து வீட்டுப் பேச்சிலும் ஆய்வுலகிலும் ஒருங்கே நிலைபெற்றுள்ளது. 1989-இல் அமெரிக்க ஆய்வாளர்களான மோரிஸ் ஹோல்புரூக்கும் ராபர்ட் ஷிண்ட்லரும் 108 பேருக்கு, 1932 முதல் 1986 வரை புகழ்பெற்றிருந்த 28 பாடல்களின் பகுதிகளைக் கேட்கச் செய்து விருப்பத்தை அளந்தபோது, ஒருவருக்கு ஏறத்தாழ 23 அல்லது 24 வயதாக இருந்த காலத்தில் பரவிய பாடல்களே பிற்காலத்திலும் அவருக்கு மிகப் பிடித்தவையாக இருப்பதைக் கண்டனர். இந்த முடிவைத் தமிழ்ச் சூழலில் ஐயுறுவது எளிதன்று. 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது இளைஞராக இருந்தவரும், 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது இளைஞராக இருந்தவரும் ஒரே வீட்டில் நடத்தும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் அந்த ஆய்வு, இசையைத் தாமே தெரிந்தெடுத்து, விலை கொடுத்து வாங்கித் தனியே கேட்கும் மக்களை மனத்தில் கொண்டது என்பதை மறந்துவிடலாகாது. இசை அவ்வாறு வந்து சேராத இடங்களில் செவியின் வயதை வேறு அளவுகோலால்தான் அளக்க வேண்டியிருக்கும். அத்தகைய ஓரிடம் சென்னை அடையாற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி அமைந்த ஊரூர் ஒல்காட் குப்பம்.

குப்பம் என்று சென்னைக் கரையில் வழங்கப்படுவது மீனவர் குடியிருப்பு. ஊரூர் என்பது பழைய கிராமத்தின் பெயர். 1882-இல் அடையாற்றங்கரையில் தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்ட பிரம்மஞான சபையின் தலைவர் ஹென்றி ஸ்டீல் ஒல்காட், 1894-இல் அப்பகுதியின் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரே குப்பத்தின் மறுபாதிக்கு நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீட்டுவசதி வாரியத்தின் மனைகள் சூழ்ந்து பெசன்ட் நகர் எழும்பிய பின்னர், கரையில் முன்பே இருந்த குப்பம் நகருக்குப் புறம்பான ஒன்றுபோல் பார்க்கப்படலாயிற்று. சாந்தோம் கரைக்கும் இக்கரைக்கும் இடையே மீனவர் நடந்து செல்ல 1967-இல் கட்டப்பட்ட பாலம் பத்தே ஆண்டுகளில், 1977-இல், நீரோட்டத்தில் உடைந்துபோக, மயிலாப்பூர்ப் பக்கத்திற்கு இருந்த நேர்வழியும் அற்றது. கச்சேரி நடத்தும் சபாக்கள் நிறைந்த அந்த மயிலாப்பூர் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

சோழமண்டலக் கரை மீனவரிடையே இசை நெடுங்காலம் தொழிலோடும் சடங்கோடும் பிணைந்திருந்தது. அம்பா எனப்படும் தொழிற்பாட்டு, வலை இழுக்கையிலும் துடுப்பு வலிக்கையிலும் ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாட அமைவது. உழைப்பவர் அனைவரின் விசையையும் ஒரே கணத்தில் ஒன்றுசேர்ப்பது அதன் பணி. ஈழத்தின் வடகரையிலும் இதே பெயரில் இது வழங்கியது. இப்பாட்டில் வயது முதிர்ந்தவர் கேட்போராக அல்லாமல் முன்பாடுவோராக நின்றனர் என்பதும், அன்றைய காற்றுக்கும் வலையின் கனத்துக்கும் உடனிருப்போருக்கும் ஏற்ப அடிகளை அவ்வப்போது மாற்றிக் கட்டினர் என்பதும், முதிய செவி புதிய இசையை ஏற்குமா என்னும் நம் கேள்விக்கு இன்றியமையாத செய்திகள். பழைய மெட்டில் புதிய அடியைச் சேர்ப்பது அங்கு முதியவரின் உரிமையாகவே இருந்தது. 1980-களுக்குப் பின் வெளிப்பொருத்து எந்திரங்கள் பரவியதும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்தைய நிவாரணத்தின் வழியே கண்ணாடியிழைப் படகுகள் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டதும், துடுப்பையும் கூட்டு விசையையும் தேவையற்றவையாக்கின. அவற்றோடு அம்பாவும் ஓய்ந்தது. முதியவர் பாட மறந்ததால் பாட்டு அழிந்தது என்று இதனைக் கூற இயலாது. எந்திரத்தின் இரைச்சலில் முன்பாட்டுக்கு இடமில்லை என்பதே நேர்ந்தது.

சடங்கின் இசையும் இவ்வாறே தேர்வுக்கு அப்பாற்பட்டது. அம்மன் திருவிழாவின் பம்பையும் உடுக்கையும், சாவு வீட்டின் பறையும் கானாவும் கேட்போரின் வயதையோ விருப்பத்தையோ வினவி வருவன அல்ல. கானா என்பது சென்னை உழைக்கும் மக்களிடையே, குறிப்பாக வடசென்னையில், இறந்தவரை நினைந்து இரவு முழுதும் பாடப்பட்டு வளர்ந்த பாட்டு வடிவம். ஒலிபெருக்கி வந்த பிறகு இந்தப் பொதுக்கேள்வி பெருகிற்றே ஒழியக் குறையவில்லை. சென்னை மாநகராட்சி 1930-இல் தன் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது மெரினா போன்ற பொதுவிடங்களில் ஒலிபெருக்கிகளை நிறுவி மாலைகளில் இசையைக் கேட்கச் செய்தது. 1938-இல் அகில இந்திய வானொலி நிலையம் அப்பணியை ஏற்றது. பின்னர் ஆடி மாதத்தில் கோவில்தோறும் குழாய் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் ஒலிக்கலாயின. திரைப்பாடகியாக அறியப்பட்ட ஒருவரின் குரல், கேட்போரில் எவரும் தேடிச் செல்லாமலே, மூதாட்டிகளின் பக்தி இசையாக ஒரு தலைமுறைக்குள் மாறியது. புதிய இசையை முதியவர் ஏற்பதில்லை என்போர் இந்த ஒரு மாற்றத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இதற்கு மாறான அமைப்பு ஆற்றுக்கு வடக்கே உருவானது. சபா என்பது உறுப்பினர் கட்டணத்தால் கச்சேரி நடத்தும் சங்கம். 1900-இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபாவும், 1929-இல் மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவும் தோன்றின. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக, 1928-இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பட்டு, டிசம்பர் இசைப் பருவம் வேர்கொண்டது. சந்தா கட்டி, ஆண்டுதோறும் அதே இருக்கையில் அமர்ந்து, அறிந்த கீர்த்தனையை அறிந்த ராகத்தில் எதிர்பார்க்கும் முதிய ரசிகர் இவ்வமைப்பின் தூண். இவர்கள் தொன்மையானதெனக் கருதும் கச்சேரி வரிசைமுறை, அதாவது வர்ணத்தில் தொடங்கி நடுவில் விரிவான உருப்படியும் இறுதியில் துக்கடா எனப்படும் சிறு பாடல்களுமாக அமையும் ஒழுங்கு, 1890-இல் பிறந்த அரியக்குடி இராமானுஜ ஐயங்காரால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இன்றைய வடிவம் பெற்றது; அவர்களின் பாட்டனாருக்கு அது புதுமை. 1981-இல் யூ. ஸ்ரீநிவாஸ் என்னும் 12 வயதுச் சிறுவர் மின்சார மாண்டலினை ஏந்திச் சென்னை மேடையில் அமர்ந்தபோதும், அக்கருவியைக் கர்நாடக இசைக்குரியதாக ஏற்றுக்கொண்டவர்களில் மூத்த ரசிகரும் அடங்குவர். ஆனால் இப்புதுமைகள் யாவும் அரங்கின் உள்ளே, தெரிந்தவர் சான்றளிக்க, தெரிந்த ராகங்களைச் சுமந்து வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. ஆற்றுக்குத் தெற்கே ஒலித்த பறைக்கு அத்தகைய சான்றளிப்போர் எவரும் இருந்ததில்லை.

குப்பத்தின் அண்டை நிலமான பிரம்மஞான சபைத் தோட்டமே இக்கேள்விக்கு இரு வலுவான சான்றுகளைத் தருகிறது. 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1920-களின் இறுதியில் ருஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்றவர். 1933-இல் மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர் மரபினரின் சதிராட்டத்தைக் கண்ட பிறகே அவர் கவனம் அக்கலையின்பால் திரும்பியது. சதிர் என்பது தேவதாசிக் குடும்பங்கள் காத்துவந்ததும், பின்னர் பரதநாட்டியம் எனப் பெயர் பெற்றதுமான ஆடல். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில், தம் 31-ஆம் வயதில், அடையாற்றுத் தோட்டத்தில் முதன்முறை ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா நிறுவப்பட்டது. அவர் புதிதாகக் கண்டது, அதனை வழிவழியாக ஆடிவந்த குடும்பங்களுக்குப் பழையது. கண்டவர் அதைத் தம் தூய்மைக் கருத்துக்கேற்பத் திருத்தியமைத்ததும், மேடை மெல்ல அக்குடும்பங்களின் கையைவிட்டுப் போனதும் வரலாற்றின் மறுக்கவியலாத பகுதி. நடுவயதில் ஒரு கலையைக் கண்டடைவது எப்போதும் கள்ளங்கபடமற்ற செயல் அன்று.

இரண்டாவது சான்று இதனினும் வியப்புக்குரியது. 1865-இல் பிறந்து, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்று, மைசூர் அரசவை வித்துவானாகப் புகழ்பெற்ற வாசுதேவாச்சாரியார், ஏறத்தாழ 90 வயதை எட்டிய நிலையில் ருக்மிணி தேவியின் அழைப்பை ஏற்று அடையாறு வந்தார். கீர்த்தனை இயற்றுவதில் வாழ்நாளைச் செலவிட்ட அவரிடம், வால்மீகி இராமாயணத்தை நாட்டிய நாடக வரிசையாக அமைக்க இசை வேண்டப்பட்டது. கீர்த்தனை பாடகருக்கும் கேட்போருக்கும் உரியது. நாட்டிய நாடகமோ ஆடுவோரின் அடிக்கும், காட்சியின் வேகத்துக்கும், பாத்திரத்தின் மனநிலைக்கும் இசையைக் கீழ்ப்படுத்துவது. வரிசையின் முதல் நாடகமான 'சீதா சுயம்வரம்' 1955-இல் அரங்கேறியது. தொடர்ந்து சில பகுதிகளுக்கு இசையமைத்த பின் 1961-இல் அவர் மறைய, எஞ்சிய பணியை அவர் பேரன் எஸ். ராஜாராம் நிறைவேற்றினார். 23 வயதில் செவி உறைந்துவிடுகிறது என்னும் கூற்று இவரிடம் பொருந்தவில்லை. அவரைச் சூழ்ந்து ஆடுவோரும் பாடுவோரும் நாள்தோறும் ஒத்திகையில் நின்றனர் என்பதும், செய்து முடிக்க ஒரு பணி காத்திருந்தது என்பதும் இதற்குக் காரணமாகலாம். அந்த வகையில் அரசவை வித்துவானின் நிலை அம்பாவின் முன்பாடகருடைய நிலையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இரு இசை உலகங்களையும் ஒரே மணலில் அமரச் செய்யும் முயற்சி 2015-இல்தான் நிகழ்ந்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் ஆகியோரும் குப்பத்து மக்களும் தன்னார்வலரும் இணைந்து, எல்லையம்மன் கோவிலை ஒட்டி, நுழைவுக் கட்டணம் இன்றி ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவை நடத்தினர். கர்நாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் வில்லுப்பாட்டும் கட்டைக்கூத்தும் ஒரே மேடையில், முன்பின் என்னும் தரவரிசையின்றி இடம்பெற்றன. கட்டைக்கூத்து என்பது தொண்டை மண்டலத்தில் மரக்கட்டை அணிகலன் பூண்டு விடியவிடிய ஆடப்படும் கூத்து. குப்பத்துக்குச் சங்கீதத்தைத் தானம் செய்யும் முயற்சி இது என்று சிலர் குறைகூறினர். அக்குறை முழுவதும் பொருந்தாது. குப்பத்திற்குள் அதுவரை காலடி வைத்திராத நகரத்தாரை அங்கு வரவழைப்பதும் நோக்கத்தின் பாதியாக இருந்ததோடு, மறுதிசையில் இத்தகைய கலைகள் மயிலாப்பூரின் ராக சுதா அரங்கிலும் மேடையேறின. 2018-இல் விழா சென்னைக் கலைத் தெருவிழா எனப் பெயர் மாறிப் பிற இடங்களுக்கும் விரிந்தது.

விழாவின் எல்லையும் சொல்லப்பட வேண்டியதே. ஒன்றைப் பலமுறை எதிர்கொள்வதாலேயே அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்று 1968-இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் நிறுவினார். ஆண்டுக்கு ஓரிரு மாலைகள் அத்தகைய பழக்கத்தை உண்டாக்கப் போதா. ஆடி மாதந்தோறும் ஒலிபெருக்கி செய்ததை ஒரு மேடை ஒரு முறையில் செய்துவிடும் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று. மேலும், கடற்கரையில் பறை கேட்டு மகிழ்ந்த சபா ரசிகர் அடுத்த டிசம்பரில் பறையை வேண்டித் தம் சபாவுக்குக் கடிதம் எழுதினால்தான் அவர் புதிய இசையைக் கண்டடைந்தார் எனலாம். அதுவரை அது விருந்தினரின் பாராட்டு மட்டுமே. இன்று கைப்பேசி, கேட்டவற்றைப் போன்றவற்றையே மீண்டும் பரிந்துரைத்து, குப்பத்திலும் மயிலாப்பூரிலும் ஒருங்கே தனிக்கேள்வியைப் பரப்பிவருகிறது. ஹோல்புரூக்கும் ஷிண்ட்லரும் கண்ட முடிவு இனித்தான் இக்கரைக்கு முழுமையாகப் பொருந்தக்கூடும். முதியோரிடம் புதிய இசை சேர வேண்டுமெனக் கருதும் சபாக்கள் அவர்களின் வயதைக் காரணம் காட்டுவதை விட்டு, தம் மேடைப் பட்டியலைத் திருத்துவதே முதலில் செய்யத்தக்கது.