திரும்பத் திரும்ப வரும் விடைக்கு ஒரு தலைப்பு

கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம், 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்களின் முயற்சியால் எஸ்.க்யூ.எல். மொழியைக் கற்றுக்கொண்டபோது, பழைய ‘மானிட்டர்’ நிரலைப் பெரும்பாலும் ஓய்வுபெறச் செய்த ‘பிஎஸ்க்யூஎல்’ என்ற புதிய கருவியையும் அடைந்தது. ஒரு வரி தட்டினால் ஒரு விடை தரும் அந்தக் கருவி, தளத்துக்கு 1996-இல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்று நாமகரணம் ஆன பின்னும் நிர்வாகிகளின் நித்திய சகவாசியாகவே இருந்து வருகிறது.

ஆயினும், எந்த வினவல் இன்னும் ஓடுகிறது, எது பூட்டுக்காகக் காத்துக் கிடக்கிறது என்பன போன்ற கேள்விகள் ஒரு தடவை கேட்டு முடிவன அல்ல. யூனிக்ஸின் ‘வாட்ச்’ கட்டளையைக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கருவி புதிதாகத் தொடங்கிச் சேவையகத்துடன் புதிதாக இணைய வேண்டும். 2013-இல் வெளியான 9.3-ஆம் பதிப்பு அதே பெயரில் ஓர் உட்கட்டளையை அளித்து, திறந்த இணைப்பிலேயே இரண்டு விநாடிக்கொரு முறை வினவலை நடத்த வழிசெய்தது.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான பேதம் உண்டு. யூனிக்ஸ் கட்டளை திரையைத் துடைத்துவிட்டு எழுதும். இதுவோ பழைய விடையை அழிக்காமல் அதன் கீழேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். சற்றுமுன் இருந்த நிலையை மேலே தள்ளிப் பார்க்கலாம் என்பது பெரும் சௌகரியமே. ஆனால் எந்த விடை எந்த நேரத்தது என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் ஒவ்வொரு விடைக்கும் மேலே அச்சாகும் தலைப்பு வரியின்மேல் விழுந்தது. அந்த வரியோ எத்தனை விநாடிக்கொரு முறை என்பதை முதலில் நீட்டி முழக்கிய பிறகே நேரத்தைச் சொல்லிற்று. பயனர் தாமே ஒரு தலைப்பு வைத்திருந்தாலோ அதைச் சட்டை செய்யவேயில்லை. இரண்டு ஜன்னல்களில் இரண்டு வினவல்களை ஓடவிட்டவர் எது எதுவென்று தடுமாறியதில் வியப்பென்ன? 2016-இல் வந்த 9.6, பயனரின் தலைப்பை முன்னே நிறுத்தி, நேரத்தை அடுத்து வைத்து, இடைவெளியை அடைப்புக்குறிக்குள் சுருக்கியது. தேதியும் அவரவர் மொழி வழக்குப்படி அச்சாகத் தொடங்கிற்று. எளிய திருத்தந்தான், ஆனால் பிற்பாடு வந்தவற்றைவிட இதுவே அதிகப் பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம்.

2022-இன் 15-ஆம் பதிப்பில் விடைகளைப் பக்கம் பிரிக்கும் நிரலுக்கு அனுப்பும் வசதியும், 16-இல் இத்தனை தடவையோடு நிறுத்து என்ற கட்டளையும், 17-இல் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே வரிசைகள் குறைந்தால் நிற்கும் ஏற்பாடும் வந்தன. ஆனால் தலைப்பைத் தானாக வைக்க எந்தப் பதிப்பும் கற்கவில்லை. இரண்டு ஜன்னல் திறப்பவர்கள், தலைப்பு வைக்கும் ‘பிசெட் டைட்டில்’ என்ற வரியை முதலில் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவது நலம்.