'சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே!' - வீட்டு வேலையைப் பங்கு போடுறதுல எங்கே சிக்கல்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. பாத்திரமெல்லாம் தேய்ச்சு முடிச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டே ஹாலுக்கு வர்றார் கணவர்.

"நாளைக்குக் காலையில இட்லிதானே?"

"மாவு இல்லைங்க. அரிசி ஊறப்போடணும்னு யாருக்கும் தோணலை."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனே!"

பல வீடுகள்ல சண்டை தொடங்குற இடம் இதுதான். அவர் வேலை செய்யாதவர் இல்லை. சிங்க் பளிச்னு இருக்கு. ஆனா, 'ஊறப்போடணும்' என்பதை ஞாபகம் வெச்சுக்க வேண்டிய ஆள் தான் இல்லைன்னு அவர் நினைக்கிறார். அந்தப் பொறுப்பு சத்தமில்லாம மனைவி தலையில உட்கார்ந்திருக்கு.

இட்லியையே எடுத்துக்கலாம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஊற நாலு மணி நேரம். அரைச்சு, உப்பு போட்டுக் கரைச்சு வெச்சா, பொங்கி வர ராத்திரி முழுக்க ஆகும். அப்படின்னா திங்கட்கிழமை காலை ஏழு மணி இட்லிக்கான முடிவை ஞாயிறு மதியமே யாராவது எடுத்திருக்கணும். டப்பாவில உளுந்து இருக்கான்னு சனிக்கிழமையே பார்த்திருக்கணும். கரன்ட் கட்டுன்னு மெசேஜ் வந்திருந்தா, அரைக்கிற நேரத்தை மாத்தியிருக்கணும். கை வேலைன்னு பார்த்தா மொத்தமே ஒரு மணி நேரம்தான். மனசுக்குள்ள ஓடுறது ரெண்டு நாள்!

இந்த மனச்சுமையைத்தான் 'மென்டல் லோடு'ன்னு சொல்றாங்க. எம்மா என்ற பெயரில் வரையும் பிரெஞ்சு ஓவியர், 2017-ல் இதைப் பற்றி ஒரு காமிக்ஸ் வெளியிட்டார். உலகம் முழுக்க வைரலான அதன் தலைப்பு என்ன தெரியுமா? 'கேட்டிருக்கலாமே!' பிரான்ஸ்லயும் அதே டயலாக்தான்.

சரி, கை வேலையிலாவது சமமா இருக்கோமா? மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிடும் நேரம், நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். 2019 கணக்கெடுப்பில் இது 299 மற்றும் 97 நிமிடங்களாக இருந்தது. அதாவது, பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைஞ்சிருக்கு, ஆண்களின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைஞ்சிருக்கு. இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தச் சராசரி, வேலை செய்றவங்களுக்குள்ள மட்டும் எடுத்தது. 2019-ல் ஒரு நாளில் வீட்டு வேலையில் கை வெச்ச பெண்கள் 81.2 சதவிகிதம், ஆண்கள் 26.1 சதவிகிதம்தான். மீதி முக்கால்வாசி ஆண்கள் அந்தச் சராசரிக்குள்ளேயே வரலை.

'நான் சம்பாதிச்சுப் போடுறேன்ல' என்பவர்களுக்கு ஒரு தகவல். வெளிநாட்டில் வேலை பார்த்த கணவரின் வருமானத்தில் வாங்கிய சொத்து தொடர்பான ஒரு வழக்கில், வீட்டையும் குழந்தைகளையும் கவனிச்சுக்கிட்ட மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டு வேலையும் அந்தச் சம்பாத்தியத்துக்குப் போட்ட உழைப்புதான் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

எண்ணிப் பங்கு போடாதீங்க

'நான் அஞ்சு வேலை, நீ அஞ்சு வேலை'ன்னு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுறவங்க நிறைய பேர். பெரும்பாலும் ரெண்டு வாரத்துல புட்டுக்கும். காரணம், எல்லா வேலையும் ஒரே மாதிரி இல்லை. ஈ.பி. பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. பைக் சர்வீஸை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடலாம். பல்பு மாத்துறது வருஷத்துக்கு நாலு தடவை வந்தா அதிகம். ஆனா, காலை எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள டிபன் பாக்ஸ் ரெடியாகணும். அதைத் தள்ளிப்போட முடியாது. கவனிச்சுப் பாருங்க, ஆண்கள் பக்கம் போறது பெரும்பாலும் தள்ளிப்போடக்கூடிய வேலைங்கதான். அதனால, தினமும் கெடு உள்ள வேலைகளை மட்டும் முதல்ல தனியா எழுதுங்க. பங்கு போட வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, வேலையைத் துண்டு துண்டா கொடுக்காம முழுசா கொடுக்கிறது. ஈவ் ராட்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர், 2019-ல் வெளியான 'ஃபேர் ப்ளே' புத்தகத்தில் சொல்லும் வழி இது. ஒரு வேலைன்னா அதை யோசிப்பது, திட்டமிடுவது, செய்து முடிப்பது மூணும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும். நம்ம வீட்டுக்கு மாத்திச் சொன்னா, 'மாவு' கணவர் பொறுப்புன்னா உளுந்து வாங்குறதுல ஆரம்பிச்சு, கிரைண்டர் கழுவி, மாவை ஃபிரிட்ஜ்ல எடுத்து வைக்கிற வரை அவர்தான். வேலைக்கு வர்ற அக்கா லீவுன்னா மாத்து ஏற்பாடு யாருன்னும் முன்கூட்டியே பேசிடணும். இல்லைன்னா, அந்த போன் நேரா மனைவிக்குத்தான் வரும்.

இங்கே பெண்களுக்கும் ஒரு கஷ்டமான பகுதி இருக்கு. கொடுத்த பிறகு பின்னாடியே போய் நிக்கக் கூடாது. "வெங்காயத்தை இப்படியா நறுக்குவாங்க?"ன்னு ஒரு தடவை கேட்டா போதும், அடுத்த நாள் கத்தி உங்க கைக்கே திரும்பி வந்துடும். எது முக்கியம்னு மட்டும் முன்கூட்டியே பேசிக்கோங்க. பால் காய்ச்சாம விடக் கூடாது, குழந்தையோட மருந்து நேரம் தவறக் கூடாது. துண்டை எப்படி மடிச்சா என்ன?

மாமியார், மாமனாரோட இருக்கிற வீட்ல "என் பையனைப் பாத்திரம் தேய்க்க விடுறா"ன்னு ஒரு குரல் வரலாம். அந்தப் பதிலை மருமகள் சொன்னா அது சண்டை. மகன் சொன்னா ஒரு நாள் முணுமுணுப்போட முடிஞ்சிடும். அதனால அந்தப் பேச்சு அவர் பொறுப்பு.

குழந்தைகளையும் விட்டுடாதீங்க. அஞ்சு வயசுல சாக்ஸுக்கு ஜோடி சேர்க்கலாம். எட்டு வயசுல தன் தட்டைக் கழுவி, வாட்டர் பாட்டில் நிரப்பலாம். பன்னிரண்டு, பதிமூணு வயசுல அரிசி களைஞ்சு குக்கர் வைக்கக் கத்துக்கலாம், பெரியவங்க பக்கத்துல இருக்கிறப்போ. பொண்ணுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துட்டு பையனை கிரிக்கெட்டுக்கு அனுப்பினா, இன்னும் இருபது வருஷம் கழிச்சு இன்னொரு வீட்ல இதே 'சொல்லியிருந்தா' கேட்கும். கேரளாவில் 2024-ல் வந்த மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில், அப்பா தேங்காய் துருவுற படம் இருக்கு. படிக்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடம்தான்.

முதல் மாசம் சொதப்பும். ஊறப்போட்டதை மறந்து, அரிசி ராத்திரி வரைக்கும் தண்ணியிலேயே கிடக்கும். மாவு அதிகமா புளிச்சா, வெங்காயம் தூவி ஊத்தப்பமா ஊத்திடலாம். ஊறப்போடவே மறந்துட்டா, காலையில ரவா உப்புமாதான். மறந்தவரே எழுந்து அதைக் கிண்டட்டும்.