வாய்–முகத் தசைப் பயிற்சியும் உண்ணல், பேச்சுச் சிகிச்சைகளும்

உதடு, நாக்கு, தாடை, அண்ணம், தொண்டை ஆகியவற்றின் இயக்கத்தில் ஏற்படும் குறைகளைச் சீர்செய்ய மூன்று சிகிச்சைகள் உள்ளன. வாய்–முகத் தசைப் பயிற்சி, வாய் ஓய்ந்திருக்கும்போது நாக்கும் உதடும் எங்கே இருக்க வேண்டும், எச்சிலையும் உணவையும் எப்படி விழுங்க வேண்டும் என்பதைப் பழக்குகிறது. உண்ணல் சிகிச்சை, குடிப்பது, மெல்வது, விழுங்குவது ஆகியவற்றைப் பாதுகாப்பாகச் செய்ய உதவுகிறது. பேச்சுச் சிகிச்சை ஒலிப்பு, மொழி, குரல், திக்கல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. இம்மூன்றையும் சுவாசம், உறக்கம், பல்வரிசை, வீட்டுப் பழக்கங்கள் ஆகியவற்றோடு சேர்த்து ஒரே பார்வையில் அணுகுவதை முழுமைச் சிகிச்சை என்கிறார்கள். இந்த முழுமை காரணத்தைக் கண்டறிவதற்குப் பெரிதும் உதவும். பயிற்சியோ அந்தந்தக் குறைக்கென்றே தனித்தனியாக அமைய வேண்டும். நாக்குப் பயிற்சி ஒன்றாலேயே சாப்பாடு, பேச்சு, தூக்கம் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் பெற்றோர் தயங்குவது நல்லது.

சேர்த்துப் பார்ப்பதன் தேவை

மூக்கின் பின்புறம் அடினாய்டு வீங்கிய ஐந்து வயதுக் குழந்தை வாயால் மூச்சுவிடும். வாய் திறந்தே இருப்பதால் நாக்கு மேலண்ணத்தைத் தொடாமல் கீழே கிடக்கும். வளரும் பருவத்தில் மேல்தாடை குறுகவும், முன்பற்கள் தூக்கிக்கொள்ளவும் இது ஒரு காரணமாகலாம். இரவில் குறட்டை, பகலில் சோர்வு. வாயை மூடி மென்றால் மூச்சு முட்டுவதால் அரைகுறையாக மென்று விழுங்கும், அல்லது மெல்ல வேண்டிய எதையும் தொடாது. சகரத்தைச் சொல்லும்போது நாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். பெற்றோர் பல்லுக்கு ஒரு மருத்துவரிடமும், சாப்பாட்டுக்கு இன்னொருவரிடமும், பேச்சுக்கு வேறொருவரிடமும் போவார்கள். அடைப்போ மூக்கில் இருக்கிறது. அதை நீக்காமல் உதட்டை மூடப் பழக்குவது வீண் முயற்சி மட்டுமல்ல, குழந்தைக்குத் துன்பமும்கூட. ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனை பெரும்பாலும் பயிற்சிக்கு முந்தியது.

வரலாறு

முகத் தசைகளுக்குப் பயிற்சி தந்து பல்வரிசையைத் திருத்தலாம் என்ற கருத்தை அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ரோஜர்ஸ் 1918 வாக்கில் முன்வைத்தார். 1960களில் வால்டர் ஸ்ட்ராப் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், விழுங்கும்போது நாக்கு பற்களை முன்னோக்கித் தள்ளுவதே பல் தூக்கலுக்குக் காரணம் என்றும், அதற்குப் புட்டிப்பால் பழக்கம் வழிவகுக்கிறது என்றும் எழுதினார். பயிற்சி நிலையங்கள் பெருகின. அவற்றோடு ஐயங்களும் பெருகின. 1970களில் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலன் சங்கம் இப்பயிற்சியின் பலன் நிறுவப்படவில்லை என்றது. பின்னர் சேர்ந்த ஆய்வுகளைப் பார்த்து, 1991இல் அதே சங்கம் இதைப் பேச்சுச் சிகிச்சையாளரின் பணி வரம்புக்குள் ஏற்றுக்கொண்டது.

இடையில் பல் சீரமைப்பு மருத்துவர் வில்லியம் புரோஃபிட் 1978இல் வெளியிட்ட கட்டுரை சிந்தனையைத் திருப்பியது. ஒருமுறை விழுங்க ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகிறது. நாள் முழுவதும் விழுங்குவதைக் கூட்டினாலும் சில நிமிடங்களே தேறும். பல்லை நகர்த்துவது அந்தக் கணநேர அழுத்தமன்று, மணிக்கணக்கில் மெல்லச் சாய்ந்திருக்கும் நாக்கு, உதடு ஆகியவற்றின் ஓய்வுநிலை அழுத்தமே என்று அவர் வாதிட்டார். இன்றைய பயிற்சி ஓய்வுநிலைக்கு முதலிடம் தருவது இதனால்தான்.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பில் பயிற்சி எதுவும் தராமல் அனுப்பினால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. நேரத்தில் பெரும்பகுதி கேள்விகளில் கழியும்: பிரசவம் எத்தனையாவது வாரத்தில், தாய்ப்பால் குடித்ததில் சிக்கல் இருந்ததா, குறட்டை உண்டா, விரல் சூப்புகிறதா, அடிக்கடி சளி பிடிக்கிறதா, ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் உணவையே கொண்டுவரச் சொல்வார்கள். தெரியாத இடத்தில் தெரியாத பிஸ்கட்டைத் தின்னவைத்துப் பார்ப்பதில் பயனில்லை. குழந்தை கவனிக்காதபோது வாய் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். நாக்கை நீட்டவும் உயர்த்தவும் பக்கவாட்டில் அசைக்கவும் சொல்வார்கள். படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிப் பேச்சைப் பதிவு செய்வார்கள். பேச்சு தாமதமான குழந்தைக்குக் கேட்புத் திறன் சோதனை கட்டாயம் வேண்டும்.

தசைப் பயிற்சி

சொல்வதைப் புரிந்து செய்ய வேண்டும் என்பதால் இது பொதுவாக நான்கைந்து வயதுக்கு மேல்தான் பொருந்தும். முதலில் விரல் சூப்புதல் போன்ற பழக்கத்தை விடவைப்பது, பிறகு உதடு மூடி மூக்கால் மூச்சுவிடுவது, நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் வைத்திருப்பது, அதன்பின் விழுங்கும் முறை, கடைசியாக இவையெல்லாம் நினைக்காமலே நடக்கும்படி வழக்கமாக்குவது என்று வரிசை போகும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி ‘டக்’கென்று சொடுக்குவது, நூல் கட்டிய பொத்தானை உதடுகளுக்கும் பற்களுக்கும் இடையில் வைத்து இழுக்க இழுக்க விடாமல் பிடிப்பது போன்றவை பழகிய பயிற்சிகள். வாரத்துக்கு ஒரு முறை சந்திப்பு, வீட்டில் நாள்தோறும் சில நிமிடங்களாக இரண்டு மூன்று முறை என்று பல மாதங்கள் நீளும். வீட்டுப் பயிற்சி நின்றால் சிகிச்சையும் நின்றது என்றே பொருள்.

உறக்க மூச்சடைப்பிலும் இதற்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. பிரேசிலில் 31 நோயாளிகளிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் வாய்–தொண்டைப் பயிற்சி செய்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றும் குறைந்தும் போகும் நிகழ்வுகள் சராசரியாக 22இலிருந்து 14 அளவுக்குக் குறைந்தன. குறைந்ததே தவிர நோய் நீங்கிவிடவில்லை. மூச்சுக்கருவியோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படுபவருக்கு இது துணை மட்டுமே.

உண்ணல் சிகிச்சை

மூன்றிலும் உயிரோடு நேராகத் தொடர்புள்ளது இதுதான். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் இசைந்து நடக்கும் திறன் கருவின் 34ஆம் வாரத்தை ஒட்டித்தான் அமைகிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை மார்பில் திணறுவது இயல்பு. அத்தகைய குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில் புகட்டும் நம் பழைய முறை இன்றும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் கையாளப்படுகிறது. அதையும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, விழுங்கியபின் அடுத்த சொட்டு என்று நிதானமாகச் செய்ய வேண்டும்.

உண்ணல் கோளாறை மருத்துவம், ஊட்டச்சத்து, உண்ணும் திறன், மனமும் சூழலும் என்ற நான்கு கோணங்களில் பார்க்க வேண்டும் என்று 2019இல் வெளியான பன்னாட்டு வல்லுநர் வரையறை கூறுகிறது. ‘சாப்பிடப் படுத்துகிறது’ என்று வீட்டில் சொல்லப்படும் பல குழந்தைகளிடம் அடம் என்பதே இருக்காது. மெல்லத் தெரியாத குழந்தை சோற்றை வாயிலேயே அடக்கிவைத்துக்கொள்ளும். இரைப்பை அமிலம் மேலேறி நெஞ்சை எரித்த குழந்தை தட்டைக் கண்டாலே அழும். எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்து இரண்டு வயதுவரை ஊட்டினால், மெல்லப் பழகும் பருவம் அப்படியே கடந்துபோகும். கைபேசியில் படம் காட்டி வாயைத் திறக்கவைப்பது அன்றைய கவளத்தை உள்ளே அனுப்பலாம். பசியையும் நிறைவையும் உணரும் திறனை வளர்க்காது.

சிகிச்சையாளர் குழைந்த பருப்புச் சாதத்திலிருந்து பிசைந்த இட்லி, மெத்தென வேகவைத்த காய்த்துண்டு என்று படிப்படியாகக் கொண்டுபோவார். புதிய உணவைத் தொட்டு, முகர்ந்து, நக்கிப் பார்க்கவிடுவதே சில வாரங்களுக்கு வேலையாக இருக்கும். எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெரியவர்கள் பொறுப்பு, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு என்ற உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டரின் பகுப்பு பலராலும் பின்பற்றப்படுகிறது. கையைப் பிடித்து, மூக்கை அடைத்து ஊட்டுவது சிகிச்சையன்று. அப்படிச் செய்யும் இடத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஒவ்வொரு வேளையும் புரையேறுவது, சாப்பிட்டபின் குரல் ஈரமாக ஒலிப்பது, திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, எடை ஏறாதது ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்பதைப் பேரியம் கலந்த உணவைத் தந்து எடுக்கும் எக்ஸ்ரே காணொளியிலோ மூக்குவழிக் குழாய்க் கேமராவிலோ பார்த்தறியலாம். சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் உணவு உள்ளே இறங்கும். மூளைவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டுவது ஆபத்தானது. உணவும் பானமும் எவ்வளவு நீர்த்தோ கெட்டியாகவோ இருக்கலாம் என்பதற்குப் பூஜ்யம் முதல் ஏழு வரை எட்டு நிலைகள் கொண்ட பன்னாட்டு அளவுகோல் உண்டு.

பேச்சுச் சிகிச்சை

ஊதல், நாக்கை ஆட்டுதல், கன்னத்தை உப்புதல் ஆகியவற்றால் பேச்சு தெளியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஒலி திருந்த அந்த ஒலியையே சொல்லிப் பழக வேண்டும்: முதலில் தனியாக, பின்பு அசையில், சொல்லில், வாக்கியத்தில், இயல்பான பேச்சில். பிளவு அண்ணத்தால் காற்று மூக்கு வழியே கசியும்போது ஊதல் பயிற்சி பயன்படாது. அமைப்புக் குறைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும்.

தமிழ்க் குழந்தையிடம் ரகரமும் ழகரமும் தாமதமாகவே வரும். தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சுவழக்கில் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது; அது வட்டார வழக்கு, குறைபாடன்று. பேச்சு வரவில்லையென்று நாக்கில் வசம்பு தேய்க்கும் பழக்கத்தால் பேச்சு வருவதில்லை. கேட்புச் சோதனைக்குப் போக வேண்டிய மாதங்கள்தாம் கரைகின்றன.

நாக்கு ஒட்டு

நாக்கின் அடித்தசைநார் குட்டையாக இருப்பதை இப்போதெல்லாம் பல சிக்கல்களுக்கும் காரணமாகச் சொல்கிறார்கள். பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இதற்கான சோதனையைக் கட்டாயமாக்கும் சட்டத்தைப் பிரேசில் 2014இல் இயற்றியது. 302 சிசுக்களைக் கொண்ட ஐந்து ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, அந்தத் தசைநாரை வெட்டிவிடுவது தாயின் முலைக்காம்பு வலியைக் குறுகிய காலத்துக்குக் குறைக்கிறது என்றது. பால் குடிப்பது சீராக மேம்பட்டதாக அதில் தெளிவாகவில்லை. பேச்சுக்காக வெட்டுவதற்கான சான்று வலுவாக இல்லை. பாலூட்டும் நிலையைத் திருத்திப் பார்க்காமல் கத்திக்கோ லேசருக்கோ விரைவது அவசரம்.

தமிழ்நாட்டில் பெறும் வழி

இந்தியாவில் பேச்சுச் சிகிச்சையைத் தர செவிப்புலன், பேச்சு–மொழி நோயியல் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவும் வேண்டும். சில நாள் வகுப்பில் பெற்ற தசைப் பயிற்சிச் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. பதிவு எண்ணைக் கேட்பதில் பெற்றோர் கூச்சப்பட வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் அமைந்துள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயதுவரை கட்டணமின்றிப் பரிசோதனையும் சிகிச்சையும் பெறலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சுச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னால் மாவட்ட மையத்துக்குப் பரிந்துரைப்பார்கள்.