சுரங்க மீத்தேனும் படுகை மீத்தேனும்: காரைக்காலுக்கு ஒரு சட்டம் ஏன் வேண்டும்?

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மீத்தேனை வெளியேற்றுவது உயிர் காக்கும் வேலை. காற்றில் அது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். 1965இல் அன்றைய பீகாரின் தோரி சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். அதனால்தான் இந்தியச் சுரங்க விதிகள் நிலக்கரி அடுக்குகளை வாயு அளவின்படி தரம் பிரிக்கின்றன. ஒரு டன் நிலக்கரிக்கு 10 கன மீட்டருக்கு மேல் வாயு வெளிப்பட்டால் அது மூன்றாம் தரம், மிக அபாயமானது. ஜார்க்கண்டின் ஜரியா வயலில் உள்ள முனிடி சுரங்கம் அத்தகையது. அங்கே மீத்தேனை எடுத்து மின்சாரமாக்கிக் காட்டியதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நியாயத்தை நிலத்தடிச் சுரங்கமே இல்லாத காவிரிப் படுகைக்குத் தூக்கி வந்து, மீத்தேன் எடுப்பது எங்கும் நன்மையே என்று வாதிடுவது பிழை. சுரங்க மீத்தேன், தோண்டாத நிலக்கரிப் படுகையின் மீத்தேன் ஆகிய இவ்விரண்டையும் அறிவியலும் சட்டமும் பிரித்தே பார்க்க வேண்டும். அந்தப் பிரிவினை இன்று மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்கால் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வேறுபாட்டின் வேர் தண்ணீரில் இருக்கிறது. மீத்தேன் நிலக்கரியின் நுண்துளைப் பரப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் நிலத்தடி நீரின் அழுத்தம். சுரங்கம் தோண்டினால் அடுக்கு உடைகிறது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாயு கிளம்புகிறது. தோண்டாத அடுக்கிலோ அழுத்தம் குலையாதவரை வாயு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை வெளிக்கொணர ஆழ்துளைக் கிணறு இறக்கி முதலில் நீரை இறைத்தாக வேண்டும். பல மாதங்கள், சில இடங்களில் அதற்கு மேலும். ஆக, வாயு வருமுன்பே இழப்பு தொடங்கிவிடுகிறது. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம், மீத்தேன் திட்டம் அல்ல. ஆயினும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் அங்கே வெட்டவே முடியும். இப்பகுதியில் நிலக்கரியும் நீரும் எவ்வளவு பிணைந்து கிடக்கின்றன என்பதற்கு அதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை. காரைக்கால் காவிரியின் கடைமடை. ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் இடம், கடல்நீர் முதலில் உட்புகும் இடம். இங்கே ஆழத்தில் அழுத்தம் குறைந்தால் மேலடுக்குகளின் நன்னீர் என்னவாகும் என்பது இடையிலுள்ள களிமண் அடுக்குகள் எங்கும் அறுபடாமல் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அந்தச் சோதனைக்கு உழவர்களின் வயலைக் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும்; அதைப் பிடித்து எரிப்பது தட்பவெப்பத்துக்கு நல்லதல்லவா என்பது வலுவான மறுப்பு. சுரங்க மீத்தேனுக்கு அது முற்றிலும் உண்மை, ஏனெனில் அந்த வாயு எப்படியும் வெளியேறப் போகிறது. தீண்டாத படுகையின் வாயு வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. அதை எடுத்து எரிப்பதால் புதிய கரியமிலம்தான் சேரும். கிணற்றிலும் குழாயிலும் கசிவது வேறு. பாதுகாப்பு என்ற காரணம் உண்மையாக இருக்கும் இடத்திலும் விலை சிறிதன்று. அமெரிக்காவின் கொலராடோவில், கன்னிசன் தேசியக் காட்டுக்கு அடியில் செல்லும் வெஸ்ட் எல்க் சுரங்கத்தின் வாயுவை வெளியேற்றக் காட்டுக்குள் கிணறுகளும் அவற்றுக்குப் பாதைகளும் தேவைப்பட்டன. வாயுவின் பெரும்பகுதி பிடிக்கப்படாமல் காற்றில்தான் கலந்தது. 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம், அந்தச் சுரங்க விரிவாக்கத்தின் தட்பவெப்ப இழப்பைக் கணக்கிடாமல் அனுமதித்தது தவறு என்று தீர்த்தது. நிலத்தடிச் சுரங்கம் மேற்பரப்பைத் தொடாது என்று நம் நாட்டிலும் வன அனுமதி கேட்போர் சொல்வதுண்டு. வாயு மிகுந்த சுரங்கத்தில் அது எளிதில் பொய்த்துப்போகும்.

காவிரிப் படுகையின் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் மீத்தேன் எடுக்க 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. இயற்கை வேளாண் முன்னோடி கோ. நம்மாழ்வார் தம் இறுதி நாள்வரை, 2013 டிசம்பர்வரை, அதற்கெதிராக ஊர் ஊராகச் சென்றார். 2015இல் தமிழக அரசு அத்திட்டத்துக்குத் தடை விதித்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. படுகை மீத்தேனை அது பெயர் சொல்லியே தடுக்கிறது. எனினும் அது தமிழ்நாட்டுச் சட்டம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைக்கோட்டில் அது நின்றுவிடுகிறது. மண்ணடி நீரடுக்கு நிற்பதில்லை. நாகப்பட்டினம் பக்கத்து வயலுக்குள்ள காப்பு வரப்பைத் தாண்டியதும் இல்லை என்பது எந்த நீரியல் நியாயத்துக்கும் ஒவ்வாது.

காரைக்காலில் அப்படியொரு திட்டமே இல்லாதபோது சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் 2023இல் தமிழகத்தின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரி வட்டாரங்கள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் தோன்றியபோது யாரும் முன்கூட்டி எச்சரிக்கப்படவில்லை. தமிழகம் எதிர்த்த பின்பே அவை நீக்கப்பட்டன. எதிர்ப்பதற்கு அப்போது ஒரு சட்டம் கையில் இருந்தது. எண்ணெய், எரிவாயு ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்தவை, புதுவைக்கு அதிகாரம் இல்லை என்பது மற்றொரு மறுப்பு. தமிழ்நாடும் அதே பட்டியலுக்கு உட்பட்டதே; அது நிலத்தையும் வேளாண்மையையும் முன்னிட்டுத்தான் சட்டம் செய்தது. மாநிலப் பட்டியல் பொருள்களில் சட்டம் இயற்ற 1963ஆம் ஆண்டு ஒன்றியப் பிரதேச அரசுச் சட்டம் புதுவைப் பேரவைக்கும் இடம் தருகிறது. ஒன்றியத்தின் ஒப்புதல் தேவைப்படும் என்பது உண்மையே, ஆனால் அது முயலாமல் இருப்பதற்குக் காரணமாகாது. காரைக்காலுக்கான அச்சட்டம் ஏற்கனவே இயங்கும் சுரங்கத்தின் தொழிலாளர் பாதுகாப்புக்காக வாயு வெளியேற்றுவதை எங்கும் தடுக்க வேண்டியதில்லை. தோண்டாத அடுக்கின் நீரை வாயுவுக்காக இறைப்பதைக் காரைக்கால் மாவட்டம் முழுவதும் தடுத்தால் போதும். இனி பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் எதற்கேனும் அனுமதி கேட்கப்பட்டால், வாயுக் கிணறுகளையும் இறைக்கும் நீரையும் பிற்பாடு தனி விண்ணப்பமாக அன்றி முதல் விண்ணப்பத்திலேயே கணக்குக் காட்டச் சொல்ல வேண்டும்.