ஐந்து பருவங்கள், ஐந்து பயிற்றுநர்கள்: தில்லி டைனமோஸ் அணியின் தாக்குதல் ஆட்டம்

2014 அக்டோபர் 14 அன்று தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் தில்லி டைனமோஸ் அணி, புணே சிட்டி அணிக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியில் இடம்பெற்றிருந்த அலெஸ்ஸாண்ட்ரோ தெல் பியேரோ அவ்வணியின் நட்சத்திர வீரர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள், 2019 ஆகஸ்டு இறுதியில், அணி புவனேசுவரத்துக்குப் பெயர்ந்து ‘ஒடிசா எஃப்சி’ ஆயிற்று. தில்லியில் அது ஒரு கோப்பையும் வெல்லவில்லை. தாக்குதல் திறன் இல்லாமையும் பயிற்றுநர்களின் தவறான உத்திகளுமே இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். ஆயினும் பருவவாரியாக எண்களை நோக்கின், அவ்விளக்கம் போதாது என்பது புலனாகும்.

முதல் பருவத்தில் பயிற்றுநர் ஹார்ம் வான் வெல்தோவன். அணி 14 ஆட்டங்களில் 16 கோல்கள் அடித்து 14 கோல்களை விட்டுக்கொடுத்தது. ஆறு ஆட்டங்கள் சமநிலையில் முடிந்தன. 18 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். ஒரேயொரு புள்ளி கூடுதலாகப் பெற்ற கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, லீக் சுற்றில் 9 கோல்களே அடித்தும் அரையிறுதிக்குச் சென்றது. இறுதிப் போட்டியிலும் ஆடியது. ஆகவே கோல் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஓர் அணியின் தாக்குதலை மதிப்பிட இயலாது. நாற்பது வயதை எட்டிய தெல் பியேரோ பத்து ஆட்டங்களில் ஒரே கோல் அடித்தார். அதுவும் சென்னையின் எஃப்சி அணிக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் வந்தது. நட்சத்திரத்தின் பெயர் மைதானத்துக்குக் கூட்டத்தைச் சேர்த்ததேயன்றி, முன்களத்துக்கு ஓர் ஒழுங்கைத் தரவில்லை.

2015இல் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் பயிற்றுநராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். அணி அரையிறுதியை எட்டியது. தில்லியில் கோவாவை 1-0 என வென்று, கோவாவில் 0-3 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு அவர் இல்லை. இத்தாலியின் ஜான்லூக்கா சம்ப்ரோத்தா வந்தார்.

2016ஆம் ஆண்டுதான் அணியின் வரலாற்றில் முக்கியமானது. லீக் சுற்றில் 27 கோல்கள். எட்டு அணிகளுள் அதுவே மிகுதி. மார்செலினோ 10 கோல்கள் அடித்து அப்பருவத்தின் தங்கக் காலணி விருதைப் பெற்றார். அவருக்குப் பின்னால் ஃப்ளோராங் மலூதா நின்று ஆட்டத்தின் போக்கை வகுத்தார். டிசம்பர் 14 அன்று தில்லியில் நடந்த அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், மிலன் சிங் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியும், பத்துப் பேருடன் ஆடிய அணி கேரளத்தை 2-1 என வென்றது. முதல் ஆட்டத்தில் 0-1 எனத் தோற்றிருந்தமையால் முடிவு பெனால்டிக்குச் சென்றது. தில்லியின் மூன்று உதைகளும் வீணாயின. லீக்கில் மிகுதியான கோல்கள் அடித்த அணி, பெனால்டியில் ஒரு கோலும் அடிக்காமல் வெளியேறியது.

இத்தோல்வியைக் காட்டிலும் பெரிய இழப்பு அதன் பிறகே நேர்ந்தது. 2017இல் இந்திய வீரர்களுக்கான தேர்வு புதிதாக நடந்தது. களத்தில் அயல்நாட்டவர் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. சம்ப்ரோத்தாவும் மலூதாவும் விலகினர். மார்செலினோ புணேவுக்குச் சென்றார். ஸ்பெயினின் மிகேல் ஆங்கெல் போர்த்துகல் பொறுப்பேற்றார். புணேயை 3-2 என வென்று தொடங்கிய அணி, அடுத்து வரிசையாக ஆறு ஆட்டங்களில் தோற்றது. 18 ஆட்டங்களில் மீண்டும் 27 கோல்கள். ஆனால் விட்டுக்கொடுத்தவை 37. அந்த 27இல் 13 கோல்கள் காலு உச்சே என்ற ஒருவர் அடித்தவை. தாக்குதல் ஒரு மனிதரைச் சார்ந்து நின்றது. பருவம் முடிந்ததும் அவரும் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குச் சென்றார்.

2018இல் வந்த ஜோசப் கொம்பாவ், பந்தைத் தம்மிடமே வைத்துக் குறுகிய பாஸ்களால் முன்னேறும் முறையை வலியுறுத்தினார். சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், மிசோரமின் சாங்தே போன்ற இளைஞர்கள் விளிம்புகளில் ஆடினர். முதல் ஆட்டத்தில் புணேக்கு எதிராக முன்னிலை பெற்றும் 88ஆம் நிமிடத்தில் கோல் விட்டு அணி சமநிலையில் முடித்தது. பந்து தில்லியிடம் இருந்தது, கோல் வரவில்லை. அப்பருவத்தின் முதல் வெற்றிக்கு டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் 18 ஆட்டங்களில் 23 கோல்கள், எட்டாம் இடம்.

ஐந்து பருவங்கள், ஐந்து பயிற்றுநர்கள். தற்காப்பை ஒரு பருவத்தில் ஒழுங்குபடுத்திவிட முடியும். அதன் விதிகள் இடம், தூரம், வரிசை ஆகியவற்றைச் சார்ந்தவை. தாக்குதல் அவ்வாறன்று. எவர் எப்போது ஓடுவார், எக்காலால் பந்தை ஏற்பார் என்பதைச் சொல்லாமலே அறியும் பழக்கம் அதற்குத் தேவை. ஒரு மொழியின் இலக்கணத்தை ஓராண்டில் கற்கலாம். அதன் வழக்கு பேசிப் பேசியே கைவரும். தில்லி அணி ஒவ்வோராண்டும் ஒரு புதிய இலக்கணத்தைக் கற்றது. எதையும் வழக்காக்கிக்கொள்ள அதற்குக் காலம் தரப்படவில்லை.

இக்கருத்துக்கான சான்று தில்லிக்கு வெளியே கிடைக்கிறது. 2019-20இல் முதன்முறையாக அதே பயிற்றுநர் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தார். புதிய முன்கள வீரர் அரிதானே சந்தானா வந்தார் என்பதும் உண்மையே. எனினும் நந்தகுமார் உள்ளிட்ட பலர் பழைய அணியினர். 18 ஆட்டங்களில் 28 கோல்கள், 25 புள்ளிகள், ஆறாம் இடம். முந்தைய ஆண்டைவிட ஏழு புள்ளிகள் கூடுதல். 2023இல் ஒடிசா எஃப்சி சூப்பர் கோப்பையை வென்றபோதும் நந்தகுமார் அவ்வணியில் இருந்தார்.

டூரண்ட் கோப்பையையும் டிசிஎம் கோப்பையையும் பல்லாண்டுகள் நடத்திய தில்லி, பிற ஊர் அணிகளின் வெற்றிகளை வேடிக்கை பார்த்தே பழகிய நகரம். தனக்கென ஓர் அணி வாய்த்தபோதும் அதே நிலைதான். பொறுமையின் முதல் ஆண்டைத் தில்லி தாங்கியது. இரண்டாம் ஆண்டின் பலனைப் புவனேசுவரம் கண்டது.